பாதி அழித்த மெருகு

வரும் திங்கட்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தின் தரை முழுவதையும் ஒரே சீராக மெருகிட ஆள் வருகிறார். பேத்தியின் திருமணம் நெருங்குகிறது. விருந்தினர் வந்து அமரும் கூடத்தில் தரையின் ஒரு பாதி கண்ணாடியைப் போலவும் மறுபாதி பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைப் போலவும் கிடப்பது நன்றாக இல்லை என்று என் மகன் கருதுகிறான். அவன் கருதுவதில் பிழையில்லை. ஆயினும், அந்த இரு பாதிகளையும் பிரித்துக்கொண்டு உட்சுவரிலிருந்து தலைவாசல் வரை ஓடும் கோடு அன்று மாலைக்குள் இல்லாமற்போகும். அக்கோடு எப்படி வந்தது என்று கேட்போருக்கு எங்கள் வீட்டில் ஒரு விடை பழகிப்போயிருக்கிறது. "பாலிஷ் போட வந்த மேஸ்திரி பாதியில உட்டுட்டுப் பூட்டாரு" என்பதே அது. சென்ற வாரம் பேத்தி தன் வருங்கால மாமியாரிடம் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது நான் அருகில்தான் அமர்ந்திருந்தேன். அவர் பாதியில் விட்டுச் சென்றது மெய். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பொய்யாகிவிடுகிறது. கோடு அழிந்த பிறகு அந்த அரைகுறை விடை ஒன்றுதான் எஞ்சும் என்ற அச்சத்தால் இதனை எழுதிவைக்கிறேன். இதில் குற்றத்துக்கு ஆளாகிறவர் என் அக்கா. அவர் இவ்வுலகில் இல்லாத காலத்தில் இதை எழுதுவது என் நெஞ்சை உறுத்துகிறது. எழுதாதிருப்பது அதனினும் மிகுதியாக உறுத்துகிறது.

சித்தூரில் எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் தந்தையார் நைனா கட்டிய வீடு இது. கூடம் முழுவதும் கடப்பைக் கல் பாவியது. திருமணம் செய்துகொள்ளாத அக்கா, மிஷன் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, என் குடும்பத்தோடு இவ்வீட்டிலேயே இருந்தார். அவர் எதிரில் பொய் சொல்லிவிட்ட மாணவி, அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னரே அழத் தொடங்கிவிடுவாள் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்குள் ஒரு வழக்கு வந்தால், "அக்கா சொல்லட்டும்" என்பதோடு அது முடிந்துபோகும்.

அந்த அக்காவுக்குத் தரை ஒரு தனிப்பட்ட உடைமை போன்றது. கடப்பைக் கல் நாளடைவில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். அதற்கு எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: தேங்காயெண்ணெயைத் துணியில் தோய்த்துக் கல்லின் மீது தேய்ப்பார்கள்; கல் எண்ணெயைக் குடித்துக் கறுக்கும். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் இதனைச் செய்தார். சிறு பித்தளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான எண்ணெயும், பழைய வேட்டித் துணியைச் சுருட்டிக் கட்டிய ஓர் உருண்டையும் அவருக்கெனவே இருந்தன. வேலைக்காரியிடமோ என் மனைவியிடமோ அந்த உருண்டையை அவர் கொடுத்ததில்லை. மறுநாள் கோயிலிலிருந்து திரும்புகையில் வாசலில் நின்று, கறுத்து மின்னும் தரையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கோயில் தரையை மெருகிடுவதென்று சபைக் குழுவினர் தீர்மானித்த ஆண்டில், முதலில் எங்கள் கூடத்தில் செய்து பார்க்கலாம் என்று ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். சாந்திபுரத்துக்காரர். கருங்கல் அறுக்கும் பட்டறைகளுக்கு இடையே வளர்ந்தவர். உரத்த குரலும் அதனினும் உரத்த தற்பெருமையும் உடையவர். அவர் இயந்திரத்தைப் பிடித்து நடக்க, அவர் மனைவி முன்னால் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார். முதலில் சொரசொரப்பான அரைகல், பிறகு அதனினும் நயமானது, பிறகு இன்னும் நயமானது என்று மாற்றி மாற்றித் தேய்த்து, இறுதியில் வெண்மையான பொடியைத் தூவி மெத்தென்ற வட்டைச் சுழலவிட்டார். கரிய குழம்பை அள்ளிக் கொட்டி, கழுவித் துடைத்தபோது, கூரையின் உத்தரங்களும் சுவரிலிருந்த நைனாவின் படமும் தரைக்குள் தலைகீழாக இறங்கி நின்றன. "பாத்துக்கோங்க டீச்சரம்மா, இனிமே இந்த ஊட்டுக்குக் கண்ணாடியே வாங்க வேணாம். இதுலயே மூஞ்சி பாத்து பவுடர் போட்டுக்கலாம்" என்றார். "மொதல்ல நீ பாத்துக்க, மீசைல எல்லாம் சேறு" என்றார் மனைவி.

புறப்படுமுன் அவர் கல்லைப் பேணும் முறையைச் சொன்னார். ஈரத்துணி போதும், ஆசிட் கூடாது, எலுமிச்சை, புளி படக்கூடாது. பின்பு அக்காவைப் பார்த்து, "எண்ணெ கிண்ணெ போட்டுறாதீங்கம்மா. பாலிஷ் போட்ட கல்லு எண்ணெய குடிக்காது, மேலயே நிக்கும். இனிமே எண்ணெய்க்கு வேலையே கெடையாது" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் நான் பார்த்துக்கிட்ட தரைப்பா இது" என்று மட்டும் சொன்னார். எத்தனையோ சனிக்கிழமைகளை ஒரு சிரிப்பால் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார் மேஸ்திரி. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்பட்ட அக்கா தம் அறைவாசலில் வழுக்கி விழுந்தார். அவர் என்னை அழைத்த குரல் நிதானமாகவே இருந்தது. ஓடிச்சென்று பார்த்தபோது, கஞ்சியிட்ட வெள்ளைப் புடவை கசங்க, ஒரு காலை அசைக்க இயலாமல் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த புடவையைத் துவைக்கும்போது முந்தானையில் தேங்காயெண்ணெய் வாடை வீசுவதாக என் மனைவி சொன்னார். தலைக்குத் தடவிய எண்ணெயாக இருக்கும் என்று எண்ணி இருவரும் விட்டுவிட்டோம்.

காரணம் கேட்க வேண்டிய தேவையே எவருக்கும் எழவில்லை. கண்ணாடி போன்ற தரை. வயது முதிர்ந்த பெண்மணி. பார்க்க வந்தவர்கள் அனைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் தண்ணீரைக் கடப்பவர்களைப் போல நடந்து வந்து, "பாலிஷா இது, ஆள வுய வெக்கற வேல" என்றார்கள். கோயில் தரை வேலை நிறுத்தப்பட்டது. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுவோரிடையே மேஸ்திரியின் பெயர் வாரந்தோறும் தேய்ந்தது. அவரிடம் வேலை பேசியிருந்த வேறு சில வீட்டாரும் பின்வாங்கினர். அக்கா இவை எல்லாவற்றையும் படுக்கையிலிருந்து கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மேஸ்திரி அவர்களோடு வாதிட்டிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். அவர் வாதிடவில்லை, நம்பிவிட்டார். வாரந்தோறும் சாத்துக்குடிப் பையோடு வந்து, அறைக்குள் நுழையாமல் வாசற்படியருகே நிற்பார். அத்தனை பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியாது. "பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருங்கம்மா. ரொம்ப மினுக்கிட்டேன். வயசானவங்க நடக்கற எடம்னு ரோசன பண்ணல. நம்ம கைதான் கெடுத்துச்சி" என்பார். அக்கா முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்வார். வலியால் என்று சில நாள் எண்ணினோம். சினத்தால் என்று சில நாள் எண்ணினோம். அவர் கொண்டுவந்த பழத்தில் ஒரு சுளையையும் அக்கா தொட்டதில்லை. அவர் வரும் நாளன்று காலை முதலே அக்காவுக்கு உணவு இறங்காது.

அக்கா நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நாலடி நடக்கத் தொடங்கியதும் இரண்டு நிகழ்ந்தன. போதகர் வந்து, வரும் ஞாயிறு ஆராதனையில் அக்கா சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நோயிலிருந்தோ ஆபத்திலிருந்தோ மீண்டவர் சபையார்முன் நின்று நடந்ததைச் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுவது எங்கள் கோயில்களில் நெடுநாளைய முறை. அக்காவின் சாட்சியைக் கேட்கச் சபையே காத்திருந்தது. மேஸ்திரியும் அந்நாட்களிலேயே வந்து, மெருகைத் தாமே அழித்துத் தருவதாகச் சொன்னார். "மறுபடியும் அந்தம்மா கால் வழுக்கக் கூடாது சார். சொரசொர கல்லு போட்டு உல்டாவா தேச்சிட்டா மங்கிப் பூடும். காலு நல்லா பிடிக்கும்" என்றார். நான் இசைந்தேன்.

சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் வந்தனர். இயந்திரத்தை இயக்குமுன் மேஸ்திரி தரையில் குந்தி, அதில் தெரிந்த தம் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். "உன்ன வர வச்சதும் நான்தான், இன்னிக்கு அழிக்கறதும் நான்தான்" என்றார். "உன் மூஞ்சி அழிஞ்சா ஊருக்கு நல்லதுதான், சுவிச்ச போடு" என்றார் மனைவி. அவர் சிரிக்கவில்லை. அக்கா நடக்கும் வழி முதலில் ஆகட்டும் என்று, அவர் அறைவாசலில் தொடங்கித் தலைவாசலை நோக்கித் தேய்த்துக்கொண்டு வந்தார். செய்த வேலையைப் பின்னோக்கிச் செய்வதை நான் அன்றுதான் கண்டேன். இயந்திரம் போகப் போக உத்தரங்கள் மறைந்தன. நைனாவின் படம் மறைந்தது. ஈரம் உலர்ந்த இடமெல்லாம் கல் சாம்பல் நிறமாயிற்று. நண்பகலுக்குள் தலைவாசல் வரை இடப்புறச் சரிபாதி முடிந்தது. சோறு உண்ண இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அக்கா நடைச்சட்டத்தோடு அறைவாசலுக்கு வந்து நின்றார்.

"நிறுத்துப்பா. இதுக்கு மேல அழிக்காதே" என்றார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதா டீச்சரம்மா? இன்னும் கொஞ்சந்தான்."

"உன் பாலிஷ்ல தப்பில்லை. நான் விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, இந்த இடத்துல எண்ணெய் தடவினேன். நீ வேணாம்னு சொல்லியும் தடவினேன். அதுலதான் வழுக்கிச்சு. விழுந்து கிடந்தபடியே முந்தானையால துடைச்சேன். துடைச்சு முடிச்சுட்டுத்தான் தம்பியைக் கூப்பிட்டேன்."

மேஸ்திரி இதை நம்பவில்லை. அவர் முகம் இளகி, கண் கலங்கிற்று. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனசு! என் மனசு ஆறணும்னு பழிய தன் மேல போட்டுக்குது" என்றார். அக்காவின் முகத்தில் அன்று நான் கண்டதைப் போன்ற வேதனையை, எலும்பு முறிந்து கிடந்தபோதும் கண்டதில்லை. பள்ளி மணிக்கூண்டு வரை கேட்கும் அந்தப் பழைய குரலில், "நீயும் என்னை நல்லவள்னு சொல்லாதே! கட்டிலுக்கு அடியில பெட்டிக்குப் பின்னால பார்" என்றார்.

மேஸ்திரியின் மனைவிதான் உள்ளே சென்று குனிந்து எடுத்து வந்தார். பித்தளைக் கிண்ணம், எண்ணெய் உறைந்து, தூசு படிந்து, அதில் பாதி மூழ்கிய துணியுருண்டை. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவர் முன் வைத்தார்.

"இந்தாய்யா, மோந்து பாரு. வாரா வாரம் பையத் தூக்கிக்கினு வந்து இந்தம்மா வாசப்படில நின்னியே. ஒரு பெரிய உசுர ஒடச்சிட்டேன்டின்னு சோறு துன்னாம அய்துக்கினு கெடந்தியே. அந்தம்மா சொவத்தப் பாத்துக்கினு படுத்துச்சே, அது இதுக்குத்தானா?" என்று கணவரைக் கேட்பதுபோல் அக்காவைக் கேட்டார்.

"இதுக்குத்தான்" என்றார் அக்கா.

மேஸ்திரி கம்பியைச் சுருட்டினார், இயந்திரத்தைக் கழுவினார், கரிய குழம்பை ஒரு சொட்டும் மிச்சமின்றி அள்ளி வெளியே கொட்டினார். தலைவாசலில் நின்று திரும்பி, "நான் கத்துக்கினது பாலிஷ் போடறதுக்குத்தான் டீச்சரம்மா. அழிக்கறதுக்குக் கத்துக்கினது உங்களுக்காகத்தான்" என்றார். அவர் பாதியில் விட்டுச் சென்ற வரலாறு இதுவே.

மறுநாள் அக்கா சபையார்முன் நின்றார். நன்றிப் பாட்டுக்குப் பாடகர் குழு ஆயத்தமாக இருந்தது. எண்ணெயையும் முந்தானையையும் தம் மௌனத்தையும் சுருக்கமாகச் சொல்லி, அந்த மேஸ்திரியின் வேலையில் குறையில்லை என்று முடித்து, அமர்ந்துவிட்டார். பாட்டைத் தொடங்குவதா வேண்டாமா என்று அறியாமல் ஆர்மோனியக்காரர் போதகரைப் பார்த்தார். வெளியே வருகையில், "எண்ணெ தடவுனதுக்கெல்லாமா சாட்சி சொல்லுவாங்க?" என்று ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. சபைச் செயலாளர் அருகில் வந்து, "டீச்சர், இத கமிட்டியில தனியா சொல்லியிருக்கலாமே" என்றார். "அவன் பேர் கெட்டது கமிட்டியிலயா? இந்த வாசல்லதானே" என்றார் அக்கா. கோயில் வேலைக்கு அவரையே மீண்டும் அழைப்பதெனக் குழுவினர் முடிவு செய்தனர். ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை.

அவர் திருப்பதியில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, தம்மை அங்கே அழைத்துக்கொண்டு போகுமாறு என்னிடம் சொன்னார் அக்கா. அலிபிரிக்குப் போகும் சாலையில், புதிதாகக் கட்டிய ஒரு விடுதியின் படிக்கட்டில் அவரைக் கண்டோம். கைமெஷினால் படி விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்து, ஆட்டோவிலிருந்து இறங்க முயன்ற அக்காவை, "உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்தினார். நலம் கேட்டார். கோயில் வேலைக்கு அவரைத்தான் அழைக்கிறார்கள் என்று அக்கா சொன்னபோது, தலையை அசைத்தார்.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்கம்மா. இப்ப நான் கடைசி பாலிஷ் போடறதே இல்ல. மங்கலாவே நிறுத்திட்றேன். கொஞ்சம் மினுக்குனாலே யாரோ வுயுந்துருவாங்கன்னு மனசு அடிச்சிக்குது. உங்க எண்ணெதான்னு புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

அக்கா நெடுநேரம் அந்தப் படிகளைப் பார்த்தார். எந்தப் படியிலும் முகம் தெரியவில்லை. பின்பு, "நம்ம வீட்டுக் கூடத்தையாவது வந்து முடிச்சுக் கொடுப்பா" என்றார்.

"எந்தப் பக்கமா முடிக்கறது? மங்கலாவா, மினுக்கமாவா?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா அப்டியே கெடக்கட்டும்மா" என்றார் அவர். அதில் சினம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று நானும் அக்காவும் பின்னர் பலமுறை பேசியிருக்கிறோம், முடிவுக்கு வந்ததில்லை. எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்துதான் அனுப்பினார்.

ஆகவே அப்படியே கிடந்தது. வேறொருவரைக் கொண்டு முடிக்கலாம் என்று சொன்னபோதெல்லாம் அக்கா மறுத்துவிட்டார். மங்கிய பாதியில் நடப்பார். மின்னும் பாதியைத் தாம் பார்த்திருந்து ஈரத்துணியால் துடைக்கச் செய்வார். எண்ணெய்க் கிண்ணம் விளக்கித் துலக்கப்பெற்று அலமாரியில் வெறுமையாக நின்றது. ஞாயிறுதோறும் வாசலில் நின்று தரையைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் வழக்கம் மட்டும் அவரை விடவில்லை. முன்பு பெருமையோடு பார்த்தவர், இப்போது அந்தக் கோட்டைப் பார்த்தார்.

சென்ற மழைக்காலத்தில் அக்கா காலமானார். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தோம். விடாத மழை, வந்தவர் கால்களிலெல்லாம் சேறும் ஈரமும். எவர் சொல்லி அறிந்தாரோ, மேஸ்திரி வந்திருந்தார், நரைத்துவிட்டார். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிய இளைஞர்கள் நெரிசலில் மின்னும் பாதியை நோக்கித் திரும்பினார்கள். ஒருவனுடைய கால் சற்றே சறுக்கிற்று. அப்போது, நான் பல ஆண்டுகளாகக் கேளாத அந்தப் பெரிய குரல் எழுந்தது. "அந்தப் பக்கம் வேணாம்பா! இப்டி வாங்க, இந்தப் பக்கமா வாங்க. இங்க வழுக்காது." அவரே முன்னால் வந்து, பெட்டியின் ஒரு முனையைத் தோளில் வாங்கி, தாம் மங்கவைத்த வழியாகவே அக்காவைத் தலைவாசல் வரை கொண்டுசேர்த்தார். அடக்கம் முடிந்து திரும்பியபின், விடைபெறுமுன், குந்தி அமர்ந்து மின்னும் பாதியைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். "அப்பறம் எண்ணெயே படல போல" என்றார். "இல்லை" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

நேற்று அளவெடுக்க வந்த புதிய ஆள், "எந்தப் பக்கமா சார் முடிக்கணும், இப்டியா, அப்டியா?" என்று கேட்டார். மகன்தான் முந்திக்கொண்டு, "ஃபுல்லா மிரர் பாலிஷ்" என்றான். அவன் தலைமுறைக்கு அதுவே முறை. இன்று காலை எல்லோரும் எழுமுன் அக்காவின் அறைவாசலில் நின்று கூடத்தைப் பார்த்தேன். வலப்புறம் உத்தரங்கள் தரைக்குள் தெளிவாகத் தெரிந்தன. இடப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடப்புறமாகவே தலைவாசல் வரை நடந்தேன். மேஸ்திரி சொன்னபடியே கால் வழுக்கவில்லை.

அக்கா சாட்சி சொன்ன நாளில் கோயிலில் இருந்தவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். நான் எழுதியதில் முன்பின்னாகப் போனதும் விடுபட்டதும் இருக்குமாயின் அவர்கள் எனக்குத் தெரிவித்துத் திருத்த வேண்டுகிறேன். மேஸ்திரிக்கோ அவர் மனைவிக்கோ எவரேனும் இதைப் படித்துக் காட்டினால், அவர்கள் வாய்மொழியை நான் பிழையாக எழுதிய இடங்களை அவர்களே சொல்லட்டும், அவ்வண்ணமே மாற்றிவிடுகிறேன். கோட்டை மாற்றும் உரிமைதான் இனி எவருக்கும் இல்லாமற்போகிறது.